எதிர் கம்பெனி

"படிச்சுட்டுக் கையெழுத்துப் போட்டியா, போட்டுட்டுப் படிச்சியா?"

"ஆறு பக்கம் இங்கிலீஷு மேரி, அதைப் போய்..."

"ஆறு பக்கத்துலயும் போட்டுக்கீற! ஒரு பக்கத்துலயாவது கை நடுங்கல?"

"போட்டாத்தான் ரிலீவிங் லெட்டர்னாரு மணவாளன் சாரு. அது இருந்தாத்தான் எதிர் கம்பெனியில..."

"எதிர் கம்பெனி, எதிர் கம்பெனி! பதினாறு வருசம் பர்மனென்ட் ஆளுய்யா நீ. அவனே வேணாம்னு அனுப்பிச்சிருந்தா வருசத்துக்கு இவ்ளோன்னு எண்ணி வெச்சுட்டுத்தான் அனுப்பணும். நீயா எழுதிக் குடுத்துட்டு, சலாமும் போட்டுட்டு வந்து நிக்கிற!"

பாக்கியநாதன் மனைவி கையிலிருந்த காகிதங்களை வாங்கி மடித்தான். அந்த ஆறு பக்கத்தையும் தமிழில் சொன்னது காலேஜ் படிக்கும் மகள் சுகிர்தா. சொல்லி முடித்ததும், இனி வீட்டில் இருப்பது உடம்புக்கு ஆகாது என்று தோழி வீட்டுக்குப் போய்விட்டாள்.

விஷயம் இரண்டுதான். வேலையை விட்டவன் இரண்டு வருஷத்துக்கு நூறு கிலோமீட்டர் சுற்றளவில் அதே தொழிலைச் செய்யக் கூடாது. கம்பெனியின் எந்த ஊழியரோடும், எந்த வாடிக்கையாளரோடும், நேராகவோ சுற்றி வளைத்தோ தொடர்பு வைக்கக் கூடாது. மீறினால் கோர்ட்டு.

"நூறு கிலோமீட்டர்னா இந்தாண்ட செங்கல்பட்டு வரைக்கும் வந்துடுது. அந்தாண்ட நாயுடுபேட்டையே உள்ள வந்துடுது" என்றான், கணக்குப் பார்த்தவனாக.

"கெழக்கால கடல் கீது. அதுல போய் பக்கெட் செய்."

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ரோட்டுக்கு இந்தப் பக்கம் அவன் கம்பெனி, அந்தப் பக்கம் எதிர் கம்பெனி. இரண்டிலும் பிளாஸ்டிக் பக்கெட், குடம், மூடி. பாக்கியநாதன் மெஷினில் அச்சு ஏற்றி இறக்குகிறவன். அச்சை அவன் உட்காரவைத்தால் ஆயிரம் பக்கெட்டுக்கு ஒன்றுகூடக் கோணாது. போன மாதம் எதிர் கம்பெனி பேர் போட்டு கூரியரில் ஒரு கவர் வந்தது. ஷிப்ட் இன்சார்ஜ் வேலை, ஒன்றாம் தேதி சேரலாம். அவன் மனுவே போடவில்லை. "நம்ம பேரு ரோட்டத் தாண்டிப் போயிருக்கு பாரு" என்று ஒரு வாரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தான். ஒன்றாம் தேதிக்கு இன்னும் இருபது நாள் இருந்தது.

"நேராப் போய் மணவாளன் சாரக் கேட்டுடறேன். பதினாறு வருசம் பாத்த முகம். இரக்கம் இல்லாம போயிடுமா?"

"போ, போ. ஏழாவது பக்கம் ஒண்ணு வெச்சிருப்பாரு."

மணவாளன்தான் ஹெச்.ஆர். மறுநாள் காலை பாக்கியநாதன் கேட்டில் போய் நின்றான். பத்து வருஷம் கூட நின்று டீ குடித்த செக்யூரிட்டி ஜெகன், அவனைப் பார்த்ததும் தூண் பக்கம் திரும்பிக்கொண்டு, தூணோடு பேசினான்.

"அண்ணே, என்கிட்ட பேசாத. நான் கம்பெனி ஆளு."

"நீ ஏஜென்சி ஆளுடா!"

"சட்டை ஏஜென்சிது. பேன்ட்டு கம்பெனி குடுத்தது."

"அப்ப சட்டைகிட்ட கேக்கறேன். சார் கீறாரா?"

"மேல கேமரா கீதுண்ணே. கெளம்பு. பேஜார் பண்ணாத."

இரண்டு நாளில் கம்பெனி நோட்டீஸ் கூரியரில் வந்தது. கேட்டில் நான்கு நிமிடம் ஊழியரோடு தொடர்பு கொண்டது முதல் மீறல் என்று எழுதியிருந்தது. ஜெகனின் சட்டைப் பையை நோக்கி அவன் குனிந்து பேசும் படமும் கூடவே இருந்தது. கடைசி வரியில், நகல் எதிர் கம்பெனிக்கு என்று போட்டிருந்தது.

அன்றைக்கே மணவாளன் மேரியைக் கூப்பிட்டு அனுப்பினார். அவளும் அதே கம்பெனியில்தான், பேக்கிங்கில் பதிமூன்று வருஷமாக இருக்கிறாள்.

"ஏம்மா, உங்க வீட்டுக்காரர் உங்களோட தொடர்புல இருக்காரா?"

"பத்தொம்போது வருசமா இருக்காரு சார். பொண்ணு காலேஜ் போவுது."

"நான் அதைக் கேக்கல. அவர் நம்ம ஊழியர் யாரோடயும் பேசக் கூடாது. நீங்க ஊழியர்."

"சோத்தப் போட்டா கொழம்பு வேணுமான்னு கேக்கணுமே சார்?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. வீட்ல அவரோட பேசறதில்லன்னு எழுதிக் குடுங்க. இல்லன்னா ரெண்டாவது மீறலா போயிடும்."

எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். அன்றிலிருந்து மேரி குக்கரோடு பேசினாள். "குக்கரே, ரேஷன் கடைக்குப் போவச் சொன்னேனே, போனாங்களா?" பாக்கியநாதன் ஃபேனைப் பார்த்து, "அரிசி வரலையாம் ஃபேனு" என்றான். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில், ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளுங்கள் என்றார் சாமியார். இருவரும் கையை நீட்டுமுன் திரும்பிப் பார்த்தார்கள். பின் வரிசையில் கம்பெனி கேன்டீன்காரர் உட்கார்ந்திருந்தார். இருவரும் சமாதானத்தைப் பக்கத்து வரிசைக்குச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள்.

இதற்கு நடுவே மணவாளன் மேரியிடம் ஒரு வார்த்தை விட்டிருந்தார். "இந்தத் தொடர்பு விஷயம் மட்டும் இல்லன்னா, மத்ததை நான் மேல பேசிச் சரி பண்ணிடுவேன்மா."

அதைக் கேட்டதும் பாக்கியநாதனுக்கு ஃபேனை விட்டு நேராகப் பேசும் தைரியம் வந்தது.

"நீ வேலைய வுட்டுடு மேரி."

"இன்னாது?"

"நீ ஊழியரா இருந்தாத்தானே தொடர்பு? நீ வுட்டுட்டா பிரச்சினையே இல்ல. ஒண்ணாந்தேதி நான் சேந்துட்டா, உன் சம்பளத்தையும் சேத்துத்தான் அவன் குடுக்கப் போறான்."

"இதுவும் போயி அதுவும் போச்சுன்னா?"

"வாயக் கழுவு."

லீவு லெட்டரை மூன்று நாள் மேசையில் ஊறப்போடுகிற மணவாளன், மேரியின் ராஜினாமாவை மூன்று நிமிடத்தில் வாங்கிக்கொண்டார். டிராயரைத் திறந்தார். ஆறு பக்கம் பின் அடித்துத் தயாராக இருந்தது. அவள் பேர் கூட அடித்திருந்தது.

"நான் படிச்சுப் பாத்துட்டுத்தான் போடுவேன் சார்."

"தாராளமா. படிச்சு முடிச்சு எப்ப போடறீங்களோ, அப்ப ரிலீவிங் லெட்டர். மத்ததும் அப்பதான்."

மேரி மூன்று பக்கம் புரட்டினாள். பிறகு ஆறு பக்கத்திலும் போட்டாள். வீட்டுக்கு வந்து கணவனைப் பார்த்தாள். சட்டப்படி இனி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். இருந்தும், "கையெழுத்துப் போட்டாச்சு குக்கரே" என்றாள்.

நாலாம் நாள் எதிர் கம்பெனி கவர் வந்தது. தங்களது முன்னாள் நிறுவனம் ஆட்சேபித்திருப்பதால் வேலை உத்தரவு ரத்து செய்யப்படுகிறது.

"ரெண்டு பேரையும் ஊட்ல குந்த வெச்சாச்சு. இப்ப சந்தோசமா?" என்றாள் மேரி.

பெரியபாளையம் வழியாக பஸ் பிடித்துத் திருவள்ளூர் கோர்ட்டுக்குப் போனார்கள். வக்கீல் அம்மா ஆறு பக்கத்தையும் புரட்டிவிட்டுச் சிரித்தார்.

"வேலையை விட்டுப் போனவன் தன் தொழிலைச் செய்யக் கூடாதுன்னு எழுதி வாங்கினா, அது இந்த நாட்ல செல்லாதும்மா. பொண்டாட்டி புருஷன் பேசக் கூடாதுங்கறதை ஜட்ஜ் முன்னாடி படிச்சா அவரே சிரிச்சிடுவார்."

"செல்லாதா? ரெண்டு பேரும் பயந்து செத்தமே!"

"பயப்படத்தான் எழுதறாங்க. செல்லறதுக்கு இல்ல."

"அப்ப பழைய வேலை?" என்றான் பாக்கியநாதன்.

"நீங்களா எழுதிக் குடுத்துட்டு வந்துட்டீங்களே. ரெண்டு பேருமே."

"எதிர் கம்பெனி வேலை?"

"ஆட்சேபணைக்குப் பயந்துதானே ரத்து பண்ணினான்? ஆட்சேபணை செல்லாதுன்னு நான் ஒரு லெட்டர் தரேன். கொண்டு போய்க் காட்டுங்க. எடுக்கறதும் எடுக்காததும் அவன் இஷ்டம்."

பஸ்ஸில் திரும்பும்போது அந்தக் கடிதம் மேரியின் மடியில் இருந்தது. ஒரு மாதத்துக்குப் பிறகு அவள் குரலில் உயிர் வந்தது.

"காலைல நாஷ்டா முடிச்ச கையோட போய் நில்லு. வெள்ளைச் சட்ட போட்டுக்கோ. சட்டைகிட்டல்லாம் பேசாம, மனுசன்கிட்ட பேசு."

"பேசறேன். எனக்குப் பொழைக்க வழி வந்தா உன்னையும் அங்கயே பேக்கிங்ல சேத்துடறேன் பாரு."

வீட்டு வாசலில் கூரியர்க்காரன் சின்னதுரை வண்டியை நிறுத்திக்கொண்டு நின்றிருந்தான். மேரி பேருக்குக் கம்பெனி கணக்கு முடித்து அனுப்பிய கவர். அவள் கையெழுத்துப் போடும்போது, அவன் பையில் எட்டிப் பார்த்த கவர்கள் பாக்கியநாதன் கண்ணில் பட்டன. எதிர் கம்பெனி பேர் போட்ட கவர்கள். மேலே இருந்ததில் பார்த்திபன் என்று இருந்தது. அவனுக்குப் பக்கத்து மெஷின், பத்தொன்பது வருஷ சர்வீஸ். அடுத்தது தணிகாசலம், இருபத்தொரு வருஷம்.

"பாத்தியா மேரி! எதிர் கம்பெனி இன்னும் ஆள் எடுக்கறான்! எல்லாம் நம்ம சீனியர் ஆளுங்க. நாளைக்கு நான் போனா வேலை கிடைச்சுடும்." அவன் சின்னதுரை தோளில் கை போட்டான். "தம்பி, நீ அங்க போறவன்தானே. எதிர் கம்பெனி ஆபீசுல யாரப் பாக்கணும் சொல்லு."

"அங்க ஏதுண்ணே ஆபீசு? ரெண்டும் ஒரே மொதலாளி, அங்க மச்சினன் பேர்ல போர்டு. உனக்கு வந்த ஆர்டரு, நோட்டீசு, கேன்சலு எல்லாமே உங்க மணவாளன் சார் டேபிள்லேர்ந்துதான் எடுத்தாந்தேன். அத்த வுடு, நல்ல சேதிய லேட் பண்ணக் கூடாது, இந்த ஏழு பேரு ஊடும் எங்க கீதுன்னு கொஞ்சம் சொல்லேன்?"