முழு அளவில் பெறப்பட்டது

அரசு விருந்தினர் மாளிகையில் வந்து தங்கும் பெரிய மனிதர்களுக்கு எந்த விஸ்கியைக் கொடுப்பது என்பது பற்றி எங்கள் துறையில் ஒரு கோப்பு இருந்தது. அதற்குப் பதினான்கு வயது. விஸ்கிக்கு அந்த வயது ஆகியிருந்தால் நல்ல மரியாதை கிடைத்திருக்கும். கோப்புக்கு ஆனதால் தூசிதான் கிடைத்தது. முடிவு வரும்வரை விருந்தினர்கள் தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே பெட்டியில் வைத்துக் கொண்டுவரலாம் என்று ஓர் இடைக்கால ஆணை இருந்தது. யாருக்கும் எந்தக் குறையும் இல்லை.

அந்த நிம்மதியைக் கெடுக்கத்தான் புது இயக்குநர் வந்தார். மூன்று நாள் ‘விஸ்கி சுவைத்தறிதல்’ பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கி, அதைச் சட்டம் போட்டு நாற்காலிக்குப் பின்னால் மாட்டியிருந்தார். இப்போதெல்லாம் நாகரிகம் தெரிந்தவர்கள் விஸ்கியைக் குடிப்பதில்லையாம். முதலில் முகர வேண்டும். பிறகு நாக்கில் உருட்ட வேண்டும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ‘ஈரத் தோல்’, ‘பழைய நூலகம்’, ‘கப்பல் கயிறு’ என்று வாய்க்கு வந்ததைச் சொல்ல வேண்டும். ‘நல்லா இருக்கு’ என்று சொல்பவன் பட்டிக்காடு. இயக்குநருக்கு இந்தப் பழக்கம் முற்றிப்போய், டீ வந்தாலும் முகர்வார், கோப்பு வந்தாலும் முகர்வார். அவருக்கு மூக்கர் என்று பெயர் வைத்தார்கள். வைத்தது நான்தான்.

ஒரு திங்கட்கிழமை காலையில் மூக்கர் என்னைக் கூப்பிட்டார்.

“நீங்க குடிக்கிறதில்லையாமே?”

“இல்லைங்க ஐயா.”

“ஒரு சொட்டுகூட?”

“வாசனை பட்டாலே தும்மல் வரும் ஐயா.”

“அருமை! விஸ்கி ஒப்பீட்டுக் குழுவுக்கு நீங்கதான் செயலாளர்.”

நான் முழித்த முழியைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த சட்ட அதிகாரி விளக்கினார்.

“பணி நேரத்துல குடிச்சா இடைநீக்கம். அதனால குழு உறுப்பினர்கள் அரை நாள் விடுப்பு போட்டுட்டுத்தான் குடிப்பாங்க. விடுப்புல இருக்கிறவங்க அரசு ஆவணத்துல கையெழுத்துப் போட முடியாது. அப்ப யாரு போடறது? பணியில இருக்கிறவர். பணியில இருக்கிறவர் குடிக்கக் கூடாது. ஆக, குடிக்காத ஆள்தான் எது நல்ல விஸ்கின்னு சான்று தர முடியும். விதி ரொம்பத் தெளிவா இருக்கு.”

எனக்கும் தெளிவாகத்தான் இருந்தது. இத்தனை வருடம் எழுத்தராகக் குப்பை கொட்டியவனுக்கு இது புரியாதா?

“ஐயா, என்னோட மாறுதல் மனு…” என்று இழுத்தேன்.

நான்கு வருடமாக என் மனைவி ஓர் ஊரில், நான் ஓர் ஊரில். அவள் பள்ளிக்கூட ஆசிரியை, அவளுக்கு அங்கிருந்து நகர முடியாது. பெண் பிறந்த மூன்றாம் மாதம் என்னை இங்கே தூக்கிப் போட்டார்கள். அந்தக் குழந்தை போனைப் பார்த்தால் “அப்பா” என்கிறது, நான் நேரில் போய் நின்றால் அம்மாவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. பெற்ற வயிறு மட்டும்தான் எரியுமா, எனக்கும் எரிந்தது. பதினொரு மனு போட்டிருந்தேன். பதினொன்றும் மூக்கரின் மேசைமேல்தான் இருந்தன.

“அறிக்கையை முடிச்சுக் குடுங்க. அன்னைக்கே மாறுதல்ல கையெழுத்து. இது என் வாக்கு,” என்றார் மூக்கர்.

விஸ்கி என்ன, விஷத்தை ஒப்பிடச் சொல்லியிருந்தாலும் ஒப்பிட்டிருப்பேன்.

ஐந்து கம்பெனிகளிடமிருந்து ஐந்து பாட்டில்கள் வரவழைக்கப்பட்டன. ஐந்துக்கு ஒன்று குறைந்தாலும் ஒப்பீடு செல்லாது என்பது விதி. வாசல் காவலில் தொடங்கி, தபால் பிரிவு, பண்டகசாலை என்று ஏழு மேசை தாண்டித்தான் எதுவும் உள்ளே வர முடியும். மேசைக்கு மேசை பதிவேட்டில் ‘நேரில் கண்டு, முழு அளவில் பெறப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். முதல் நான்கு பாட்டில்கள் ஒரே நாளில் ஓடி வந்துவிட்டன. ஐந்தாவது பாட்டில் நீண்ட விடுமுறைக்கு முன்னால் வந்து மாட்டிக்கொண்டது. ஒரு மேசையில் இரண்டு நாள், இன்னொரு மேசையில் மூன்று நாள் என்று விருந்தாளி மாதிரி தங்கித் தங்கி வந்தது.

ஏழாவது மேசை என்னுடையது. நானும் கையெழுத்துப் போட்டேன். போட்ட பிறகுதான் பாட்டிலைத் தூக்கினேன். காலி. அடியில் ஒரு சொட்டு நின்றிருந்தாலும் மனசு ஆறியிருக்கும். துடைத்துக் கவிழ்த்து வைத்த மாதிரி இருந்தது.

பார்க்காமல் எப்படிக் கையெழுத்துப் போட்டாய் என்று நீங்கள் கேட்கலாம். அலுவலகத்தில் வேலை பார்க்காதவர்கள்தான் இப்படிக் கேட்பார்கள். கையெழுத்துப் போடுகிறவன் பொருளையா பார்ப்பான்? தனக்கு மேலே ஆறு பேர் போட்டிருக்கிறார்களா என்று பார்ப்பான்.

சட்ட அதிகாரியிடம் ஓடினேன்.

“சார், அஞ்சாவது பாட்டில் காலி!”

அவர் பதிவேட்டைப் புரட்டினார். “இதுல முழு அளவுன்னு இருக்கே?”

“பாட்டில்ல இல்லையே சார்.”

“ஏழு பேர் எழுத்துல இருக்குங்கறாங்க. நீங்க ஒருத்தர் வாயால இல்லைங்கறீங்க. அந்த ஏழு பேர்ல நீங்களும் ஒருத்தர். நான் எந்த உங்களை நம்பறது?”

“நீங்களே கண்ணால பாருங்க சார்.”

“என் கண்ணுக்குப் பதிவெண் கிடையாது,” என்றார் அவர் பொறுமையாக. “காலின்னு எழுதினா ஏழு பேருக்கும் விசாரணை. அஞ்சு மாதிரி நாலாகும். நாலானா ஒப்பீடு ரத்து. ஒப்பீடு ரத்தானா அறிக்கை கிடையாது. அறிக்கை இல்லன்னா உங்க வீட்டம்மா இன்னும் கொஞ்ச நாள் தனியா இருக்கணும். எழுதட்டுமா?”

நான் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு என் இடத்துக்கு வந்தேன். பத்திரமாகத்தான் கொண்டுவந்தேன், சிந்திவிடக் கூடாதில்லையா.

ஒப்பீட்டு நாள் வந்தது. கூட்ட அறையில் மூக்கர், சட்ட அதிகாரி, நிர்வாக அதிகாரி அம்மா மூவரும் உட்கார்ந்தார்கள். நிர்வாக அதிகாரி அம்மா எந்தக் கூட்டத்திலும் குறை சொல்லாமல் எழுந்ததில்லை. மூவரிடமும் விடுப்புக் கடிதத்தை வாங்கிக்கொண்டு, மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு நான் ஊற்றினேன்.

“ஈரத் தோல்,” என்றார் மூக்கர் முதல் கோப்பையை முகர்ந்து.

“எனக்கு அப்படித் தெரியலையே. நம்ம காத்திருப்பு அறை பெஞ்சு மாதிரி இருக்கு,” என்றார் நிர்வாக அதிகாரி அம்மா.

“ரெண்டையும் எழுதிக்கோங்க,” என்றார் சட்ட அதிகாரி.

இரண்டாவதில் தச்சுப்பட்டறை தெரிந்தது. மூன்றாவதில் புகை தெரிந்தது. அது மரம் எரிந்த புகையா, காகிதம் எரிந்த புகையா என்று கால் மணி நேரம் வாக்குவாதம். கோப்பு எரிந்த புகைதான் என்று சட்ட அதிகாரி அடித்துச் சொன்னார். எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, அது ரகசியக் காப்பு விதியின்கீழ் வருகிறது என்றார். நான்காவது கோப்பைக்குள் மூவருக்கும் சொல் தீர்ந்து சிரிப்பு மட்டும் மிச்சமிருந்தது.

ஐந்தாவது. நான் காலி பாட்டிலைச் சாய்த்து, விதிப்படி அறுபது மில்லி விழுகிற நேரம் பிடித்திருந்துவிட்டு நிமிர்த்தினேன். இதோ போச்சு, பெண்ணுக்குக் கல்யாண வயசு வரும்வரைக்கும் நான் இங்கேதான் என்று நினைத்துக்கொண்டேன்.

மூக்கர் கோப்பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “அடேயப்பா! என்ன ஒரு தெளிவு!”

சட்ட அதிகாரிக்கு விஷயம் தெரியும். என்னைப் பார்த்தார், கோப்பையைப் பார்த்தார், ஒரே மூச்சில் சாய்த்தார். “தொண்டையில உறுத்தலே இல்லை.”

“குறை சொல்லறதுக்கு இதுல ஒண்ணுமே இல்லை,” என்றார் நிர்வாக அதிகாரி அம்மா. அவர் வேலைக்கு வந்த நாளிலிருந்து சொன்ன ஒரே முழு உண்மை அதுதான்.

“இதுக்கு எங்களுக்கு வார்த்தை வரல. நீங்களே ஏதாவது நல்லதா எழுதுங்க,” என்று சொல்லிவிட்டு மூக்கர் நாற்காலியிலேயே தூங்கிப்போனார்.

என்ன எழுதுவது? எனக்கு விஸ்கியும் தெரியாது, கோப்பையிலும் ஒன்றும் கிடையாது. நான்கு வருடமாக நெஞ்சில் இருந்ததை எடுத்து எழுதினேன். ‘முகர்ந்தால், பயணம் முடிந்து சொந்த வீட்டுக் கதவைத் திறந்ததும் வரும் வாசனை. நாவில், தலைக்குக் குளித்த குழந்தை மடியில் வந்து உட்கார்ந்த இதம். முடிவில், இன்னும் ஒரு நாள் இருந்துவிட்டுப் போகலாமே என்ற ஏக்கம்.’ எழுதும்போது கண் கலங்கியது. கைக்குட்டை ஏற்கெனவே மூக்கில் இருந்ததால் வசதியாகப் போயிற்று.

ஐந்தாம் மாதிரி முதலிடம் பெற்றது. அமைச்சகத்தில் என் குறிப்பைப் படித்துவிட்டு ஒரு செயலாளர் அரை நாள் விடுப்பில் வீட்டுக்கே போய்விட்டாராம்.

அந்தக் கம்பெனியின் பிரதிநிதி வந்தார். நல்ல விவரமான ஆள்.

“மாதிரி எப்படியோ சரக்கும் அப்படியே இருக்கணும். அதானே நிபந்தனை?”

“ஆமா. இம்மி பிசகினாலும் திருப்பி அனுப்பிடுவோம்,” என்றார் சட்ட அதிகாரி.

“அந்த மாதிரிப் பாட்டிலை ஒரு தடவை பாக்கலாமா?”

எடுத்துக் கொடுத்தேன். ஆட்டிப் பார்த்தார். கவிழ்த்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

“புரிஞ்சுதுங்க,” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

ஒரே மாதத்தில் முத்திரையிட்ட இருநூறு பாட்டில்கள் வந்து இறங்கின. மேலே என் மூன்று வரிகள் பொன்னெழுத்தில். சுமை இறக்கியவர்கள் இப்படி ஒரு சரக்கை வாழ்நாளில் தூக்கியதில்லை என்று மகிழ்ந்தார்கள். மாதிரியோடு ஒப்பிட்டேன். இம்மி பிசகவில்லை.

முதல் விருந்தில் வெளிநாட்டு விருந்தினர்கள் லேபிளைப் படித்தார்கள், முகர்ந்தார்கள், கண்ணை மூடிக்கொண்டார்கள். மறுநாள் தலைவலியே இல்லை என்று பாராட்டுக் கடிதம் எழுதினார்கள். மாளிகையில் பாத்திரம் கழுவும் அம்மா மட்டும், “ஐயா, கிளாஸ் அழுக்கே ஆகலையே, கழுவறதா வேணாமா?” என்று கேட்டுவிட்டார். அவருக்கு ரசனை போதாது என்று விளக்கம் கேட்டுக் குறிப்பாணை போனது.

பிறகு அது ஊரெல்லாம் மோஸ்தர் ஆகிவிட்டது. மன்றங்களில் இந்த மாதத்துப் பாட்டிலையும் போன மாதத்துப் பாட்டிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். போன மாதத்தில்தான் ஆழம் அதிகம் என்றார்கள். என் மனைவியின் அண்ணன், ஆயுளில் என்னை ஒரு ஆளாக மதிக்காதவர், போன் செய்து, “மாப்ளே, நேத்து ஒண்ணு வாங்கினேன். வெறும் காத்துன்னு சில பேர் சொல்வாங்க, நம்பாதீங்க. குடிக்கத் தெரியாதவங்களுக்கு அதெல்லாம் பிடிபடாது,” என்று எனக்கே பாடம் எடுத்தார்.

இருக்கட்டும். நான் பன்னிரண்டாவது மனுவோடு மூக்கர் முன்னால் போய் நின்றேன்.

“ஐயா, வாக்குக் குடுத்தீங்க.”

“குடுத்தேன். ஆனா அடுத்து பிராந்தி ஒப்பீடு வருது. உங்களை விட்டா யாருய்யா எழுதுவா? நாட்டுக்கே இப்படி ஒரு நாக்கு கிடையாது!”

“நான் அதை வாயிலயே வைக்கலைங்க ஐயா. என் பொண்ணுக்கு என் முகம் தெரியாது. தயவு பண்ணுங்க.”

உண்மையிலேயே அவர் கண் கலங்கினார். கெட்ட மனிதர் இல்லை. சட்ட அதிகாரியைப் பார்த்தார். “இவருக்கு மாறுதல் வேணும். நமக்கு இவர் வேணும். ரெண்டும் நடக்கிற மாதிரி விதி இருக்கா?”

“இருக்கே,” என்றார் சட்ட அதிகாரி.

அன்றே ஆணை வந்தது. ஆணையின்படி எனக்கு மாறுதல். அந்த ஊர் அலுவலகத்தின் பதிவேட்டின்படி நான் போய் வேலையில் சேர்ந்தும் விட்டேன். உடம்பு மட்டும் பணி நலன் கருதி இங்கேயே நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது.

மறு வாரம் பகல் பன்னிரண்டு மணிக்கு மனைவி கூப்பிட்டாள்.

“ஏங்க, உங்க ஆபீஸ்லேர்ந்து ஒருத்தர் வந்திருந்தார். நீங்க குடும்பத்தோட சேர்ந்து இருக்கீங்கன்னு நான் கையெழுத்துப் போடணுமாம். ‘கணவர் நல்ல நிலையில் வந்து சேர்ந்தார்’னு எழுதியிருந்துச்சு. ஆளையே காணோமேன்னேன். மனுஷன் பதறிப் போயிட்டார். இத்தனை அதிகாரிங்க பாத்தேன்னு போட்டிருக்காங்க, எல்லாரும் பொய் சொல்றாங்கங்கறீங்களான்னு கேக்கறார்.”

“போடலன்னா ஆணை ரத்தாயிடும். அப்புறம் அஞ்சு வருஷத்துக்கு மாறுதலே கேக்க முடியாது,” என்றேன்.

“போட்டா?”

“போட்டா நான் வந்துட்டேன்னு ஆயிடும். வந்தவன் எதுக்கு மறுபடி கேக்கறது?”

எனக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது.

“போட்டுட்டேங்க,” என்றாள். “கீழ ‘குடும்பத்தாரின் கருத்து’ன்னு ஒரு கட்டம் இருந்துச்சு. காலியா விடக் கூடாதாம்.”

“என்ன எழுதின?”

“‘ஒரு தொந்தரவும் இல்லை. வீட்ல இருக்கிறதே தெரியாது’ன்னு எழுதினேன். அவர் படிச்சுப் பாத்துட்டு, ‘குடுத்து வச்சவங்கம்மா நீங்க’ன்னு சொல்லிட்டுப் போனார்.”