ஆறாவது வாரத்து வீட்டுப்பாடம்

ஒரு காட்டில் ஒரு கீரி இருந்தது. இருந்தது என்றால், இரண்டு மாதமாக வளையைவிட்டு வெளியே வராமல் உள்ளேயே இருந்தது. பெயர் நல்லமுத்து. கீரிக்குப் பாம்பென்றால் பயம் என்று சொன்னால் காடே சிரிக்காதா? கோடையில் ஒரு சண்டையில் மயிரிழையில் தப்பியதிலிருந்து நெஞ்சு படபடப்பு, தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் மனசு ஒட்டவில்லை. மனைவி சொர்ணம் தினமும் வெட்டுக்கிளி பிடித்துப் போட்டுச் சலித்துப்போனாள்.

"இதோ பாருங்க, ஆறு வாரம் டைம். அதுக்குள்ள நீங்க வெளியே வரலைன்னா நான் எங்கம்மா வளைக்குப் போயிடுவேன்."

நல்லமுத்துவுக்கு அழுகை வந்துவிட்டது. சிங்கராஜா ஆபீஸ் நடத்தும் மனநல எண்ணுக்கு போன் போட்டான். ஒரு குரங்கு ஒன்பது கேள்வி கேட்டு, "உங்களுது லேசான கேஸ்தான் சார்" என்றது. லேசான கேஸுக்கு டாக்டர் கிடையாதாம், பயிற்சியாளர்தானாம். வாரம் ஒரு போன், இருபது நிமிஷம், கொஞ்சம் வீட்டுப்பாடம்.

பயிற்சியாளர் வனரோஜா மேடம். குரலில் தேன். ஆனால் அவர் ஒரு சாரைப்பாம்பு. ஐயோ, அவனிடம் சொல்லித் தொலைக்காதீர்கள்! பாம்புக்குக் காது ஏது என்று குடையவும் வேண்டாம், ஹெட்போன் கொடுத்திருந்தார்கள். போன் செய்கிறவர் என்ன இனம் என்று கேட்கக் கூடாது என்பது ஆபீஸ் விதி.

"யாரைப் பார்த்து பயம்னு சொல்ல விருப்பமா சார்?"

"கூச்சமா இருக்கு மேடம். ஒரு ஆள்னு வெச்சுக்குங்களேன்."

"சரி, அந்த ஆள். அவசரமே இல்ல. இந்த வாரம் வாசல்ல அஞ்சு நிமிஷம் உக்காருங்க. பயம் வந்தா நாலு எண்ணி மூச்சை இழுங்க, நாலு எண்ணி விடுங்க."

உட்கார்ந்தான். அடுத்த வாரம் வேப்பமரம்வரை போனான், அதற்கடுத்து புதர்வரை. வாராவாரம் "பயம் பத்துக்கு எத்தனை?" என்று கேட்பார். ஒன்பது ஏழானது, ஏழு நாலானது. மேடத்துக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஆறாவது போன். "கடைசி வீட்டுப்பாடம் சார். அந்த ஆளை நேருக்கு நேர் பாருங்க. ஓடாதீங்க. உங்களால முடியும்."

உங்களால் முடியும் என்று அவனிடம் அதுவரை யாரும் சொன்னதில்லை. கிளம்பினான். புற்றுக்குப் பின்னால் ஒரு சாரைப்பாம்பு சுருண்டு படுத்து ஃபைல் பார்த்துக்கொண்டிருந்தது. நல்லமுத்துவுக்குத் திரும்பி ஓடிவிடலாமா என்றிருந்தது. ஆனால் ஓடவில்லை. பார்த்தான். பாம்பும் பார்த்தது. உடனே நடுநடுங்கி முணுமுணுத்தது: "நாலு எண்ணி மூச்சை இழு... நாலு எண்ணி விடு..."

"மேடம்! நீங்களா?"

"நல்லமுத்து சாரா?" பாவம், அப்போதும் கடமை விடவில்லை. "இப்போ... பயம் பத்துக்கு எத்தனை சார்?"

"பூஜ்ஜியம் மேடம்! சத்தியமா பூஜ்ஜியம்! உங்களுக்கு?"

"பத்து."

அவனுக்குக் கண் கலங்கியது. "உங்களை இந்த ஜென்மத்துல மறக்க மாட்டேன் மேடம்" என்றான். மனசாரத்தான் சொன்னான். கூடவே பசியும் எடுத்தது. மூன்றரை மாதப் பசி.

அன்று மத்தியானம் சொர்ணம் வயிறாரச் சாப்பிட்டாள். "யாருங்க இது?" என்று கேட்டாள். அவன் வாயைத் திறக்கவில்லை. சிகிச்சை விவரத்தை வெளியே சொல்லக் கூடாது என்பதும் ஆபீஸ் விதிதான். சேவை எப்படி இருந்தது என்று கேட்டு வந்த மெசேஜுக்கு மட்டும் ஐந்து நட்சத்திரம் போட்டு ஒரு வரி எழுதினான்: "போனைவிட நேரில் இன்னும் அருமை."

நீதி: அடுத்தவர் பயத்தை அடியோடு போக்கிவிடாதீர்கள், உங்களைப் பார்த்துப் பயப்படக் கொஞ்சம் மிச்சம் வையுங்கள்.