மடித்தால் மூட்டை

மனித குலத்தின் விடுதலை சக்கரத்தில் தொடங்கிக் கீலில் முழுமையடைந்தது. சக்கரம் மனிதனை ஓடவைத்தது. கீல் அந்தச் சக்கரத்தையே மடித்துப் பேருந்தில் ஏற்றியது. ஹோபார்ட் நகர மடிப்பு சைக்கிள் சங்கத்தின் (உறுப்பினர்கள் ஏழு பேர்) துணைச் செயலாளர் ஃபெர்கஸுக்கு இதில் ஐயமே கிடையாது. மற்ற எல்லாவற்றிலும் உண்டு.

ஆகவே அவனும் மனைவி மெரிடித்தும் ஆளுக்கொரு மடிப்பு சைக்கிளுடன் நியூசிலாந்தின் தென்தீவுக்குப் 'படையெடுத்தார்கள்'. காரைத் தொடுவதில்லை என்பது சங்கத் தீர்மானம். பன்னிரண்டாம் நாள் மாலை, கடலுக்கு அந்தப்பக்கம் வெலிங்டனில் ஃபெர்கஸ் சொற்பொழிவாற்ற ஏற்பாடு. தலைப்பு: 'மிதித்தே கண்ட நாடு'. முப்பது பேர் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். முப்பது பேர் சேர்ந்தாற்போல் அவன் பேச்சைக் கேட்டது வாழ்நாளில் இல்லை. அதற்கு இரண்டு மணிக் கப்பலைப் பிடிக்க வேண்டும். கப்பலைப் பிடிக்க, அவர்கள் தங்கியிருந்த கைகோராவிலிருந்து காலையில் ஒரே பேருந்து.

பேருந்தை ஓட்டிவந்த நயரி என்ற அம்மாள் அவர்களைப் பார்த்ததும் கையை நீட்டி வழிமறித்தாள்.

"சைக்கிளா தம்பி? முன்னாடி கொக்கியில ரெண்டுதான் மாட்டலாம். ரெண்டும் நிறைஞ்சாச்சு."

"இது சைக்கிள் இல்லீங்க," என்றான் ஃபெர்கஸ்.

உலகெங்கும் மடிப்பு சைக்கிள்காரர்கள் ஓதும் மூலமந்திரம் அது. சைக்கிளை உயிராய் நேசிப்பவன்தான் பேருந்து வாசலில் அதை மறுதலிப்பான். நாற்பது விநாடியில் மடித்து (சங்கச் சாதனை முப்பத்தெட்டு), பைக்குள் போட்டு, நாடாவைக் கட்டினான்.

"மடிச்சா மூட்டைங்க."

"விரிச்சா மூட்டுவலி," என்றாள் மெரிடித்.

நயரி பையை முழங்காலால் இடித்துப் பார்த்தாள். "உள்ள மிதிகட்டை இருக்கே. ஓட்டுற சாமான்னா சைக்கிள். தூக்குற சாமான்னா மூட்டை. நீங்க ஓட்டுவீங்களா, தூக்குவீங்களா?"

ஃபெர்கஸ் கணக்குப் போட்டான். ஓட்டுவேன் என்றால் கப்பல் போச்சு. தூக்குவேன் என்றால் மானம் போச்சு.

"ரெண்டும்தான்... சூழ்நிலையைப் பொறுத்து..."

"எட்டு நிமிஷம் லேட்டு தம்பி. உள்ள ஆளுங்க முறைக்கிறாங்க."

மெரிடித் அவன் இடுப்புப் பையிலிருந்து பயணக் குறிப்பேட்டை உருவினாள். "இவருக்குப் பொய் வராதுக்கா. அன்னன்னிக்கு எழுதிடுவாரு. கேளுங்க."

"மெரி, வேணாம்ப்பா."

"'முதல் நாள்: மழை. பேருந்து. மூன்றாம் நாள்: எதிர்க்காற்று. ரயில். ஐந்தாம் நாள்: மலை இவ்வளவு உயரம் என்று வரைபடத்தில் தெரியவில்லை. பேருந்து. ஏழாம் நாள்: ரொட்டிக்கடை வரை ஓட்டினோம், இரண்டு கிலோமீட்டர். திரும்புகையில் ஒரு விவசாயி மனமிரங்கி ஆடுகளோடு லாரியில் ஏற்றிக்கொண்டார். லாரி, தீர்மானத்தின்படி, கார் ஆகாது. ஒன்பதாம் நாள்: சைக்கிள்களுக்கு ஓய்வு.'"

பேருந்துக்குள் யாரோ கைதட்டினார்கள். ஃபெர்கஸ் குனிந்து நாடாவை மறுபடி கட்டினான். அது அவிழ்ந்திருக்கவில்லை.

நயரி குறிப்பேட்டை வாங்கி, எழுதிய கடைசிப் பக்கம் வரை விரல் வைத்துப் படித்தாள். படித்து முடித்துப் பேருந்தின் வயிற்றுக் கதவைத் திறந்தாள்.

"இருபது வருஷமா சைக்கிள்காரங்கள ஏத்திக்கிட்டிருக்கேன் தம்பி. நீங்க அந்த ஆளுங்க இல்ல. மூட்டையைப் போட்டுட்டு ஏறுங்க."