நல்ல நாற்றம் உடையவர்

தன் இடமாற்ற விண்ணப்பம் மேலிடத்துக்குப் போகிற அன்று, தபால் பிரிவு எழுத்தர் வெள்ளைப் பூ சென்ட் போட்டுக்கொண்டு அலுவலகம் வந்தாள். இது விதிப்படி குற்றமல்ல. கல்யாணமாகி நான்கு வருடம்; கணவர் ஓர் ஊர், அவள் ஓர் ஊர். இந்தத் தடவையாவது ஆணை வந்துவிடும் என்ற சந்தோஷம்தான் காரணம். போட்டவுடன் மூக்கில் சுருக்கென்று ஏறிய மணம், பத்து மணிக்குள் தணிந்து, சூடாறாத பால்போல மெத்தென்று கழுத்தோடு ஒட்டிக்கொண்டது. வெகுநாள் கழித்துத் தன்னை அவளுக்கே பிடித்திருந்தது.

மேலாளருக்கும் பிடித்தது. அவர் அந்த மாதம்தான் தூய தமிழுக்கு மாறியிருந்தார். அவரிடம் ஃபேன் என்று சொன்னவருக்கு அன்று காற்று கிடையாது. அவளுடைய நடத்தை அறிக்கையில் மனமார எழுதினார்: "கடமை தவறாதவர். நல்ல நாற்றம் உடையவர். அது அலுவலகம் முழுவதும் பரவுகிறது."

படித்ததும் அவள் தாளும் கையுமாக மேலாளரிடம் ஓடினாள். "நாத்தம்னு எழுதியிருக்கீங்களே சார்."

"வாசனை வடசொல்லும்மா. பழந்தமிழ்ல நாற்றம்னாலே நறுமணம்தான்."

"மணம்னாவது எழுதலாமே?"

"கல்யாணம்னு நினைச்சுக்குவாங்க. உனக்குத்தான் ஆயாச்சே."

மேலிடத்துக்குப் புதுத்தமிழே அரைகுறை. பத்தாம் நாள் பதில் வந்தது: நாற்றமுள்ள ஊழியரை வேறு அலுவலகத்துக்கு அனுப்ப விதியில் இடமில்லை, மூவர் குழு நேரில் முகர்ந்து அறிக்கை தரும்.

"அப்ப நாளையிலேருந்து நான் சென்ட்டே போடலை சார்."

"கூடாதும்மா. அது சான்றை அழிக்கிற மாதிரி ஆயிடும்."

குழு வரும்வரை தினமும் போட வேண்டும் என்று எழுத்துமூலம் உத்தரவாயிற்று. பிடித்த மணம் பிடிக்காமல் போய்விட்டது. காலையில் குப்பியைத் திறக்கும்போதே அவளுக்கு அழுகை வந்தது.

குழு வந்தது. தலைவர் மூன்றடி தள்ளி நின்று முறைப்படி மூச்சை இழுத்தார். முகம் மலர்ந்தது.

"அருமையா இருக்கும்மா. எங்க வீட்ல அவங்களுக்கு வாங்கணும். எந்தக் கடை?"

"கடையைச் சொல்றேன் சார். அருமைன்னே எழுதிடுங்களேன்."

"அருமைக்குப் படிவத்துல இடமில்லையே. உண்டு, இல்லைன்னு ரெண்டே கட்டம்."

"அப்ப இல்லைன்னு போடுங்க."

மேலாளர் பதறிப்போனார். "இல்லைன்னு போட்டா நான் பொய் அறிக்கை குடுத்தவனாயிடுவேன். அடுத்த மாசம் எனக்குப் பதவி உயர்வு."

'உண்டு' என்று விழுந்தது. ஒருவரை மட்டும் முகர்வது பாரபட்சம் என்பதால், குழு மற்றவர்களையும் முகர்ந்தது. அறை முழுக்க அவள் மணமே நிறைந்திருக்க, எல்லோருக்கும் 'உண்டு'தான், மேலாளர் உட்பட.

அடுத்த வாரம் ஆணை வந்தது. தபால் பிரிக்க வேண்டியவள் அவளே. பிரித்து, உரக்கப் படித்தாள்: "மேற்படி அலுவலகத்தில் மேலாளர் முதல் வாயிற்காவலர் வரை அனைவரிடமும் நாற்றம் இருப்பது ஐயமற நிரூபணமாகிறது. அது பிற அலுவலகங்களுக்குப் பரவாதிருக்கும் பொருட்டு, இங்குள்ள எவருக்கும் ஓய்வு பெறும்வரை இடமாற்றமோ பதவி உயர்வோ கிடையாது."

மேலாளர் நாற்காலியில் சரிந்தார். "நான் எந்தப் பொருள்ல எழுதினேன், இவங்க எந்தப் பொருள்ல எடுத்திருக்காங்க பாரு."

மூன்று மாதமாக ஒரு மனுவுக்காக நடையாய் நடந்துகொண்டிருந்த ஆள் ஜன்னலுக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தார். "சரியாத்தானே சார் எடுத்திருக்காங்க" என்றார். "எங்களுக்கெல்லாம் இது முன்னமே தெரியும்."

எழுத்தர் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். அவருடைய மனு அவள் இழுப்பறையில்தான் கிடந்தது.