மாமியார் எந்தப் பக்கம் சுழன்றாள்?

இடது எது, வலது எது என்பதை ஐயம்திரிபற அறிந்த அரசு அலுவலகம் உலகத்திலேயே ஒன்றுதான் உண்டு. அது லெசோத்தோவில் இருக்கிறது. அதன் இயக்குநர் டாக்டர் ராலிட்சே, மலைச்சரிவில் வளரும் சுருள் கற்றாழையை ஆராய்ந்து, இடப்பக்கம் சுழல்வது ஓர் இனம், வலப்பக்கம் சுழல்வது வேறோர் இனம் என்று அறிவித்தார். இரண்டும் ஒரே காயின் விதையில்தான் முளைக்கின்றன என்று காவலர் மொட்லாட்சி பணிவோடு சொல்லிப் பார்த்தார். அது 'பாமரக் கருத்து' என்று கோப்பில் ஏறியது.

மொட்லாட்சி இருபது வருஷமாக அந்தச் சரிவைக் காத்தவர். அங்கிருந்த மிகப் பெரிய கற்றாழைக்கு முள்ளை முன்னிட்டு 'மாமியார்' என்று பெயர் வைத்திருந்தார். தினமும் காலையில் அதற்கு வணக்கமும் சொல்வார். அசல் மாமியாருக்கு அந்த மரியாதை கிடைத்ததில்லை. செடித் திருடன் போகாங்கைக் கல்லால் அடித்துத் துரத்தியது மட்டும் பதினான்கு தடவை.

சரிவைப் பார்வையிட வந்த இயக்குநர், மாமியாரை நடுவில் வைத்து, மொட்லாட்சியின் தோளில் கைபோட்டுத் தன் கைப்பேசியில் ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு போனார். மறுமாதம் கடிதம் வந்தது. பதிவேட்டின்படி மாமியார் இடஞ்சுழி, படத்திலோ வலஞ்சுழி. அசல் செடியை விற்றுவிட்டு வேறு செடியை நட்ட குற்றத்துக்காக உம்மை ஏன் வேலைநீக்கம் செய்யக்கூடாது?

கூடவே வந்த படத்தை மனைவி மாநேயோ வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இது நீ இல்லய்யா. கம்பளி ஊசியை இடது தோள்ல குத்தியிருக்கான். உனக்கு ஏது அவ்வளவு துணிச்சல்?"

ஆண்பிள்ளை கம்பளியை வலது தோளில்தான் ஊசி குத்திப் போர்த்த வேண்டும். மாற்றிக் குத்தினால் ஊரில் மாடுகூட மதிக்காது. கைப்பேசி கண்ணாடி மாதிரி பக்கம் மாற்றிக் காட்டியிருக்கிறது என்று மொட்லாட்சிக்குப் பளிச்சென்று புரிந்தது. குதிரையேறி விசாரணைக்குப் போனார்.

மூன்று அதிகாரிகள் படத்தையும் அவர் தோளையும் பூதக்கண்ணாடியில் மாறிமாறிப் பார்த்தார்கள்.

"ஐயா, பக்கம் மாறியிருக்கு. ஒரு நடை வந்து செடியைப் பாத்துட்டா தெரிஞ்சிடும்" என்றார் மொட்லாட்சி.

"நேர்ல பாக்கறதுக்குப் பேரு வேடிக்கை, ந்தாத்தே" என்றார் இயக்குநர். 'ந்தாத்தே' என்றால் பெரியவரே என்று பொருள். அவர் அதைச் சிறியவரே என்கிற தொனியில் சொன்னார். "ஆவணத்தைப் பாக்கறதுதான் அறிவியல்."

மதிய உணவுக்குப் பின் தீர்ப்பு வந்தது. படத்தில் இருப்பவர் மொட்லாட்சி அல்லர். அவரைப் போலவே முகமுள்ள 'இடத்தோள் ஆசாமி' ஒருவர். ஆகவே மொட்லாட்சி குற்றமற்றவர், வேலை நீடிக்கும். இடத்தோள் ஆசாமியைத் தேடத் தனிப்படை. தகராறுக்குரிய செடியைச் சான்றுப்பொருளாகப் பறிமுதல் செய்ய வேண்டியது.

படத்தில் அந்த ஆசாமியின் தோளில் இயக்குநர் கை இருந்ததைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்பது நாகரிகமில்லை.

மறுநாள் நான்கு பேர் வந்து மாமியாரை வேரைச் சுரண்டிச் சுத்தமாகக் கழுவி, முத்திரையிட்டு, தாழ்நாட்டு அலுவலகத்தின் ஜன்னலோரம் வைத்தார்கள். ஒன்பதாம் நாள் அது அழுகியது. 'எப்பக்கமும் சுழலா இனம்' என்று மூன்றாவது கோப்பு திறக்கப்பட்டது.

மொட்லாட்சி இன்றும் காலையில் அந்தக் குழிக்கு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் காவலுக்கு உட்காருகிறார். ஒருநாள் போகாங் அந்த வழியாக வந்தான். அவர் கல் எடுக்கவில்லை. அவன் குழியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"யாரு எடுத்தது, ந்தாத்தே?"

"பாதுகாப்புக்குன்னு வேரைக் கழுவி ஆபீஸுக்குக் கொண்டுபோனாங்க."

போகாங் தொப்பியைக் கழற்றினான்.

"என்னைத் தேவையில்லாம துரத்திட்டீங்களே. நான் தாய்மண்ணோடதான் எடுப்பேன்."

மொட்லாட்சி கொஞ்சம் நகர்ந்து, பாறையில் அவனுக்கும் இடம் விட்டார்.