லம்பூத் துறை அம்மாவை அசைத்த விவகாரம்

மேக்லோங்,
புதன்கிழமை, மாலை ஐந்து நாற்பது.

அன்பு மைத்துனன் அம்னுவாய்க்கு,

உன் அக்கா புருஷன் பிரயூன் எழுதுவது. உன் உடம்பும் உன் தொழிலும் பாங்காக்கில் நன்றாக இருக்கப் புத்தர் அருள் புரியட்டும். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் அதை உறுதிப்படுத்த வேண்டிய உன் அக்கா சங்வியன் இன்னும் வீடு வந்து சேரவில்லை. போனில் சொல்லலாமே என்று நீ கேட்பாய். எங்கள் இருவருக்கும் இருக்கும் ஒரே போன் அரிசிப் பானைக்குள் கிடக்கிறது, அதைத் தொட எனக்குத் துணிச்சல் இல்லை. பக்கத்து வீட்டுக்குப் போய்ப் பேசலாம் என்றால் அங்கிருந்து படகுத்துறை தெரியாது, நான் இந்த ஜன்னலை விட்டு நகர்வதாக இல்லை. ஏழு மணிக்குப் பாங்காக் கிளம்பும் வேன்காரரிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். படித்த கையோடு, வெள்ளிக்கிழமை போனில் நீ வெளியிடப்போகும் அந்தப் படக்கதைப் பக்கத்தை நிறுத்து.

ஆற்றின் மேல்பக்கத்து லம்பூத் துறைக் கதை உனக்குத் தெரியாததல்ல, ஆனால் தலைநகரத்துக் காற்று பட்டதில் மறந்துவிட்டாய் போலிருக்கிறது. அந்தக் கரையில் வேலை செய்த புருஷனுக்குச் சாப்பாட்டுத் தூக்கோடு படகேறினாள் ஒருத்தி, படகு கவிழ்ந்தது, போய்விட்டாள். அதிலிருந்து பொழுது சாயும் நேரத்தில் துறையில் முதுகைக் காட்டி நின்றுகொண்டு, "அண்ணே, அந்தக் கரைக்கா?" என்று கேட்பாள். பதில் சொல்லக் கூடாது. சொன்னால் சொன்னவனை ஒன்றும் செய்ய மாட்டாள், அவன் வீட்டிலிருந்து அடுத்து யார் ஆற்றைக் கடக்கிறார்களோ அவர்களைத்தான் துணைக்குக் கூட்டிக்கொண்டு போவாள். நீயே சின்ன வயதில் இருட்டினால் அந்தப் பக்கம் வாயைப் பொத்திக்கொண்டு ஓடியவன்தானே.

அந்தக் கதையை மலிவுப் பதிப்புப் பேய்ப் புத்தகத்துக்கு முதன்முதலில் வரைந்தவன் நான். முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால், பென்சிலைத் தொடுவதற்கு முன்பே, ஊர் அவருக்குக் கட்டிய துறை மாடத்துக்குப் போய் ஒன்பது ஊதுபத்தி ஏற்றி, சிவப்புச் சோடா பாட்டிலைத் திறந்து உறிஞ்சுகுழலும் போட்டு வைத்து முறையாக அனுமதி கேட்டேன். "அம்மா, உங்களைப் படமா வரையறேன். முதுகு மட்டும்தான், முகத்துப் பக்கமே போக மாட்டேன். நீங்க அசைய வேண்டாம், பேச வேண்டாம், சும்மா நின்னா போதும்." அவரும் நின்றார். புத்தகம் நாலு பதிப்பு போயிற்று, ஒருவருக்கும் ஒரு தலைவலிகூட வரவில்லை. இந்த வருஷம் நீ போனில் படிக்கிற மாதிரி புதிதாக வரைந்து தரச் சொன்னபோதும் போய் அதே வார்த்தைகளை அப்படியே ஒப்பித்துவிட்டு வந்தேன். அதற்கப்புறம்தான் நீ, "அத்தான், சும்மா லேசா அசைவு சேர்ப்போம், இலை ஆடும், தண்ணி அலையும், அவ்வளவுதான்" என்றாய். இலை ஆடினால் அம்மாவுக்கு என்ன வந்தது என்று நானும் தலையாட்டித் தொலைத்தேன்.

திங்கட்கிழமை, நீ பார்வைக்கு அனுப்பிய பக்கம் போனில் வந்தது. குளிக்கிற இடத்தில் தண்ணீர்ச் சாடி பக்கத்தில் நின்றபடி விரலால் மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தேன். இலை ஆடியது, நல்லது. தண்ணீர் அலைந்தது, அதுவும் நல்லது. இன்னும் கொஞ்சம் தள்ளினேன், நான் வரைந்த முதுகு வந்தது, அந்த முதுகு திரும்பியது. அம்னுவாய், முப்பத்தெட்டு வருஷமாக நான் பார்க்கத் துணியாத முகத்தை உன் ஆட்கள் வெறும் மூன்று நொடியில் காட்டிவிட்டார்கள். திரும்புகிறார், வாயைத் திறக்கிறார், மூழ்குகிறார், நாலு குமிழி வருகிறது, உடனே பழையபடி துறையில் வந்து நிற்கிறார், மறுபடியும் திரும்புகிறார். பாவம், அவர் ஒரு தடவைதான் செத்தார், ஊரே அழுது மாடம் கட்டிக் கொடுத்து ஒருவழியாக ஆற்றிவைத்திருந்தது. நீ அவரை நிமிடத்துக்கு இருபது தடவை சாகடிக்கிறாய். கணக்குப் போட்டேன், ஒரு நாளைக்கு இருபத்தெட்டாயிரத்து எண்ணூறு தடவை, அதுவும் ஒரே ஒரு போனில். நாடு முழுக்க எத்தனை போன் இருக்கிறது என்று யோசித்ததும் போன் கை நழுவிச் சாடிக்குள் விழுந்தது. ஊற வைத்த துணியைப் பிழிவது போல உதறித் துடைத்து, ஈரம் போகட்டும் என்று அரிசிப் பானையில் புதைத்தேன்.

அங்கேதான் என் தலையெழுத்து நின்றுகொண்டிருந்தது. சாயங்காலம் அரிசி எடுக்கப் பானையைத் திறக்கிறேன், அரிசிக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், "அண்ணே, அந்தக் கரைக்கா?" என்கிறது. படத்துக்குச் சத்தமும் வைத்திருக்கிறாய் என்று யாராவது என்னிடம் சொன்னீர்களா? நான் பார்த்தபோது போனில் சத்தம் அடைத்திருந்தது, துடைத்ததில் திறந்துகொண்டது போலிருக்கிறது. ஒரு பெண் மரியாதையாகக் கேட்டால் பதில் சொல்லிப் பழகிய வாய் இது. யோசிப்பதற்குள் "ஆமாம்மா" என்றேன். சொல்லிவிட்டேன் அம்னுவாய், கையில் அரிசிப் படியோடு நின்று, அந்தப் பெண்ணுக்கு நான் பதில் சொல்லிவிட்டேன். இந்த வீட்டிலிருந்து தினமும் ஆற்றைக் கடக்கிற ஒரே ஆள் யார் என்று உனக்கே தெரியும். கூடை நிறைய வேகவைத்த கானாங்கெளுத்தியோடு அந்தக் கரைச் சந்தைக்குப் போகிற உன் அக்காதான்.

நேற்றுக் காலை பானையை அப்படியே தூக்கிக்கொண்டு விகாரைக்கு ஓடினேன். பெரிய பிக்குவிடம் எல்லாவற்றையும் சொல்லி, மந்திரத் தண்ணீர் தெளிக்கச் சொன்னேன். "ஏற்கெனவே நனைஞ்ச போன்ல இன்னும் தண்ணியா?" என்று கேட்டுவிட்டு அரிசியைக் கிளறிப் போனை எடுத்தார். பார்த்தார். மறுபடியும் பார்த்தார். மூன்றாவது தடவை மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். முகம் கறுத்துவிட்டது, ஏதோ கண்டுபிடித்துவிட்டார் என்று கைகூப்பினேன். "பிரயூன், இதோட அடுத்த பாகம் எப்போ வருது?" என்றார். நான் போனை மறுபடி அரிசிக்குள் தள்ளி, மூடியைக் கயிற்றால் கட்டி, வீட்டுக்குத் திரும்பினேன்.

நேற்றுச் சந்தைக்கு விடுமுறை, தப்பித்தோம். இன்று காலை உன் அக்காவிடம் உண்மையைச் சொல்லி, நாலு நாள் சந்தைக்குப் போகாதே என்று கெஞ்சினேன். அவள் மீன் கூடைகளை அடுக்கிக்கொண்டே, "யோவ், பேயை வரைஞ்சே சோறு தின்னவன் நீ, பேய் பேசினா மட்டும் பயமா?" என்றாள்.

"வரைஞ்சதால்தான்டி தெரியுது! நான் பதில் சொல்லிட்டேன், சங்வியன்."

"என்ன சொன்ன?"

"ஆமாம்மான்னு."

"நல்லவேளை. டிக்கெட் எவ்வளவுன்னு கேக்காம விட்டியே," என்று சிரித்தாள். நான் கதவை மறித்து நின்றேன். கூடையால் என் வயிற்றில் ஒரு இடி இடித்து, "தள்ளு, மீன் ஆறிப்போகுது" என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டாள். அதுவும் எப்படி? எப்போதும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறவள், இன்றைக்கென்று பார்த்துச் சாப்பாட்டுத் தூக்கைக் கையில் எடுத்துக்கொண்டு போனாள்.

இதை எழுதும்போதே மணி ஆறாகப் போகிறது. ஐந்து மணிப் படகு இப்போதுதான் வந்தது, ஒரு மணி நேரம் தாமதமாக. படகோட்டி புன்லியாங் ஒருவன்தான் இறங்கினான். முன்பக்கப் பலகையில் உன் அக்காவின் கூடை இருக்கிறது, நீலக் கயிறு கட்டிய அதே கூடை. உன் அக்கா இல்லை. ஜன்னலிலிருந்து தொண்டை கிழியக் கத்தினேன். புன்லியாங் ஆற்றின் மேல்பக்கத்தைக் கையால் காட்டி ஏதோ சொல்கிறான், காற்றில் ஒன்றும் காதில் விழவில்லை. கீழே ஓடிப் போய்க் கேட்கலாம். நான் போகவில்லை. அவன் வாயால் அதைக் கேட்கும்வரை உன் அக்கா வந்துகொண்டிருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளலாம் அல்லவா? எனக்குப் பயமாக இருக்கிறது அம்னுவாய். பேய்க்குப் பயந்தது போதும், அதெல்லாம் பழகிவிட்டது. அவளில்லாத இந்த வீட்டுக்குள் விளக்கைப் போட வேண்டியிருக்குமே என்று பயமாக இருக்கிறது.

ஆகையால் அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போடு, அழித்துப் போடு, போனில் இருப்பதை எப்படி ஒழிப்பார்களோ அப்படி ஒழித்துக்கட்டு. பழையபடி என் முதுகுப் படத்தையே போடு, இலைகூட ஆட வேண்டாம். நீ செய்தால் என் ஆசி உனக்கும் உன் மனைவிக்கும் ஏழு பிறவிக்கும் உண்டு. செய்யாவிட்டால் இனி என் வீட்டுக் கானாங்கெளுத்தி உன் தட்டுக்கு வராது.

ஜன்னலோரத்திலிருந்து,
உன் அத்தான்
பிரயூன்

பி.கு. மணி ஆறே முக்கால். வேன்காரரைப் பிடித்து நிறுத்தி வைத்துக்கொண்டு அவசரமாக எழுதுகிறேன். உன் அக்கா வந்துவிட்டாள். நடந்து வந்தாள், கட்டியிருந்த துணியின் ஓரம்கூட நனையவில்லை. மேலே எழுதியது எதையும் செய்யாதே, பக்கத்தில் ஒரு புள்ளியைக்கூட மாற்றாதே, வெள்ளிக்கிழமை சொன்ன நேரத்துக்குப் போட்டுவிடு. காரணம் இதுதான். தூக்கில் அவள் கொண்டுபோனது சாப்பாடு இல்லை, ஊதுபத்தியும் மாலையும். புன்லியாங்கை மாடத்துக்குப் படகை விடச் சொல்லி அங்கேயே இறங்கிக்கொண்டு, கூடையை மட்டும் முன்னால் அனுப்பியிருக்கிறாள். லம்பூ அம்மாவிடம் திரும்புகிறது, மூழ்குகிறது, மூன்று நொடி, குரல் என்று ஒன்று விடாமல் சொல்லி, இதே பக்கத்துக்கு, இப்படியே அசைவதற்கு, முறையாக அனுமதி கேட்டிருக்கிறாள். மாடத்தில் குறி பார்க்கும் சீட்டைக் குலுக்கியதில் நல்ல சீட்டு வந்ததாம். நீ இப்போது எதையாவது மாற்றினால் அந்த அனுமதி செல்லாது.

"பயமே இல்லைன்னு சிரிச்சியே?" என்று கேட்டேன்.

"எனக்கு எதுக்குப் பயம்? எனக்கு நீச்சல் தெரியும். ஆனா அசைய வேண்டாம்னு அம்மாவுக்கு வாக்குக் கொடுத்தது நீ, வரைஞ்சது உன் கை, பதில் சொன்னது உன் வாய். உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன பண்றது?" என்றாள். சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போகிற மாதிரி திரும்பிக்கொண்டாள்.

எனக்கு ஒன்றும் ஆகாவிட்டால் நான் ஒன்பது நாள் பிக்குவாக விகாரையில் இருப்பேன் என்று என்னைக் கேட்காமலே நேர்ந்துகொண்டும் வந்திருக்கிறாள். அறுபத்தாறு வயதில் தலையையும் புருவத்தையும் மழித்துக்கொண்டு, அடுத்த பாகம் கேட்கிற அந்தப் பெரிய பிக்கு பக்கத்தில் உட்காரப் போகிறேன். என்னை விட்டுவிடும்படி அம்மாவிடம் என்னைப் பற்றி நாலு நல்ல வார்த்தையும் சொன்னாளாம். என்னவென்று கேட்டால், "அதெல்லாம் உனக்கெதுக்கு, போய்யா" என்கிறாள். கல்யாணமாகி நாற்பத்தொரு வருஷம், அம்னுவாய். என்னிடம் நல்லது என்று அவள் எதைப் பார்த்தாள் என்பது லம்பூ அம்மா ஒருத்திக்குத்தான் தெரியும்.