மோட்டார் ரூமில் பாடிய பாட்டு

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை ஜெயபாண்டி அவர்களுக்கு, சோழவந்தானிலிருந்து மைத்துனன் நல்லகாமன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் வீட்டுக்காரி ஒச்சாயியும் வெற்றிலைக் கொடிக்காலும் நலம். தல்லாகுளத்தில் நீங்களும் என் தங்கை நாகஜோதியும் ரொம்பவே நலம் போலிருக்கிறது, அதனால்தான் போனை எடுக்கவில்லை. பால்வண்டியில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நாளை நம் கருப்புசாமி கோயில் திருவிழா. சாமியாடி பேயாண்டி மேல் சாமி இறங்கி உத்தரவு கொடுத்தால்தான் பொங்கல், கிடாவெட்டு எல்லாம். இரண்டு வருஷமாக இறங்கவில்லை. இந்த வருஷமும் இறங்காவிட்டால் கோயில் கமிட்டித் தலைவர் பதவியை, அதற்கென்றே காத்திருக்கிற விருமாண்டியிடம் கொடுத்துவிடுகிறேன் என்று ஊர் நடுவே வாயை விட்டுவிட்டேன். அதனால்தானே, கருப்பு பாட்டுப் பாடினால் தமிழ்நாடே எழுந்து ஆடுகிற பாடகி பாண்டிமீனாவை உங்கள் மூலமாக வரவழைத்தேன்?

இன்று காலையில் வந்த பிள்ளை, இலை போட்டதும் கண்ணை மூடி, "இயேசப்பா, இந்தச் சாப்பாட்டுக்கு ஸ்தோத்திரம்" என்றது. ஒச்சாயி குழம்புக் கரண்டியை என் காலில் போட்டாள். "நீ வேதக்காரப் பிள்ளையா ஆத்தா?" என்றேன். "ஆமாண்ணே." "அப்ப கருப்பு பாட்டு?" "அதையும் மனசாரத்தான் பாடுவேன். ஆனா மைக்கப் பிடிக்கிறதுக்கு முன்னாடி எங்க ஆண்டவருக்கு ஒரு பாட்டுப் பாடிருவேன்ணே. இல்லேன்னா தொண்டை தொறக்காது." விருமாண்டி காதில் விழுந்தால் என் கதி என்ன? சாயங்காலம் மைக் டெஸ்டுக்கு முன்னால் கொடிக்கால் மோட்டார் ரூமுக்குள் அதை உட்காரவைத்து, பாட்டு வெளியே கேட்காமலிருக்க மோட்டாரையும் ஓடவிட்டு, வாசலில் காவல் நின்றேன். கைவிட்டுவிடாதே என்று ஆண்டவரிடம் கெஞ்சுகிற பாட்டு. உள்ளதைச் சொல்கிறேன் மாப்பிள்ளை, நின்ற இடத்திலேயே அழுதுவிட்டேன்.

மைக் செட்டுக்காரன் அந்தப் பிள்ளையின் காதோரம், முடிக்குள் மறைகிற குட்டி மைக்கை முன்கூட்டியே மாட்டி, ஆன் பண்ணியும் வைத்திருந்தது எனக்கு எப்படித் தெரியும்? ஊர் முழுக்கக் குழாய் ஸ்பீக்கர் அலறியிருக்கிறது. மோட்டார் இரைச்சலில் வார்த்தை புரியவில்லை, குரல் மட்டும் கேட்டிருக்கிறது. டீக்கடையிலிருந்த பேயாண்டி கிளாஸோடு எழுந்து ஆடி, "பாட்ட நிப்பாட்டாதீங்கடா! திருவிழாவ நடத்துங்கடா!" என்று உத்தரவே கொடுத்துவிட்டானாம். ஊரே கும்பிட்டிருக்கிறது, விருமாண்டி உட்பட. கும்பிட்டு எழுந்தவன் நேரே என்னிடம் வந்து, "அது என்ன பாட்டுண்ணே?" என்றான். "புதுக் கருப்பு பாட்டு" என்றேன். "அப்ப நாளைக்கு மேடையில மொதப் பாட்டு அதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். உட்கார்ந்தால் நிற்கத் தோன்றுகிறது, நின்றால் உட்காரத் தோன்றுகிறது. இறங்கினது எந்தச் சாமி என்று ஊர் கேட்டால் நான் என்ன சொல்வேன்? விடிந்ததும் வேறு பாடகியோடு வந்து சேருங்கள். இந்தப் பிள்ளையிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லி அனுப்பிவிடுங்கள்.

நாகஜோதிக்கு என் ஆசி. கருப்பன் உங்களைக் காக்கட்டும், போனையும் எடுக்கவைக்கட்டும்.

இப்படிக்கு,
நிலைகொள்ளாத மைத்துனன்,
நல்லகாமன்

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகும் நேரத்தில் பேயாண்டி வந்தான். என்ன பாட்டு என்பது அவனுக்குத் தெரியுமாம், பாடகியின் டிரைவர் சொல்லிவிட்டானாம். "அப்ப உன் மேல இறங்குனது எந்தச் சாமிடா?" என்றேன். "வீடு தேடி வந்த சாமிய வாசல்ல நிப்பாட்டி, நீ யாருன்னா கேப்பாக? உள்ள கூப்பிட்டு ஒரு சொம்பு தண்ணி குடுங்கண்ணே" என்றான். ஆகவே வேறு பாடகி வேண்டாம், நீங்கள் மட்டும் வாருங்கள். நாளை மேடையில் முதல் பாட்டு அதுதான். மோட்டார் ஓடாது.